கடல் கடந்து மீண்ட இரட்டைமலையார்

கடல் கடந்து சென்று பொருளீட்டி ஊர் திரும்புவோர் நம் குடும்பங்களில் இன்று பலராயினர். துபாய், குவைத்து, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுகளின் பெயர்கள் நம் தெருக்களில் வீட்டுப் பெயர்களைப் போலவே வழங்குகின்றன. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும், அஃது இளைஞர்க்குப் பயன்படுவதாய் இருத்தல் வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தபோது, அயல்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து தாயகம் மீண்ட ஒருவரைப் பற்றி எழுதுதலே தக்கது எனத் தோன்றிற்று. அவர் 1900-ஆம் ஆண்டில் சென்னையை விட்டுப் புறப்பட்டு 1921-ஆம் ஆண்டில் திரும்பிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

அவர் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். 2000-ஆம் ஆண்டில் நடுவணரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. அடையாற்றிலிருந்து சர்தார் பட்டேல் சாலை வழியே பேருந்தில் செல்வோர் அதன் வாயிலை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். ஆயினும் அவர் வாழ்வில் இருபத்தோர் ஆண்டுகள் அயல்நாட்டில் கழிந்தன என்பதையும், அறுபது வயதைத் தாண்டித் திரும்பிய பின்னரே அவர்தம் பெருஞ்செயல்கள் சட்ட வடிவம் பெற்றன என்பதையும் வகுப்பில் கேட்டால் சொல்வார் அரியர்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அக்கல்லூரியில் பயின்ற ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் பிராமணர் என்றும், தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பிற மாணவரோடு பழகாமல் வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவது வழக்கம் என்றும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளி மணியோசை கேட்டு வாழ்ந்தவன் என்ற முறையில், அப்பகுதியை நான் எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை. பிள்ளைகள் மணிக்கு முன் வந்து விளையாடுவதைத்தான் நாம் பள்ளி என்கிறோம். அவருக்கோ மணி அடித்த பிறகுதான் பள்ளி.

படிப்பிற்குப் பின் நீலகிரியில் ஆங்கில வணிக நிறுவனங்களில் கணக்கராய்ப் பணிபுரிந்து, 1890-ஐ ஒட்டிச் சென்னைக்கு வந்தார். 1891-இல் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்களுடன் இரண்டணா விலையில் ஓர் இதழைத் தொடங்கினார். இதழின் பெயர் ‘பறையன்’. குடியிருப்பை மறைத்துப் படித்த மாணவர், தம் இனத்தின் பெயரையே இதழின் தலைப்பில் அச்சிட்டுத் தெருவில் விற்றார். அந்தப் பெயரைச் சூட்டலாகாது என்றோர் நம்மவருள்ளும் இருந்தனர். அவருடைய தங்கையின் கணவரான பண்டிதர் அயோத்திதாசர் அப்பெயரை ஏற்றவர் அல்லர். நாம் பூர்வ பௌத்தர் என்பது பண்டிதர் கொள்கை. இருவரும் இராயப்பேட்டையைக் களமாகக் கொண்டே பணியாற்றினர். மயிலாப்பூருக்கு அடுத்த அந்தச் சிறு பகுதியிலிருந்துதான் நம் வரலாற்றின் இரு பெருஞ்சிந்தனைகள் கிளைத்தன.

அதே 1893-ஆம் ஆண்டு இறுதியில் இராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூடிய கூட்டத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசார் கோரிய காலம் அது. அவ்வாறு நடந்தால் ஆட்சிப் பதவிகள் யாவும் சாதி இந்துக்கள் கையில் சேர்ந்து, எளியவர்க்கு இருக்கும் சிறு நிழலும் போய்விடும் என்று நம்மவர் அஞ்சினர். 3,412 பேர் ஒப்பமிட்டு, 112 அடி நீளமுள்ள மறுப்பு விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அந்த அச்சம் சரியா தவறா என்று இன்று வாதிடலாம். எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த நாளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பங்களைத் திரட்டுதல் எத்துணை உழைப்பு என்பதை மட்டும், ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டி மனுவில் கையெழுத்து வாங்கி அலைந்தவர்கள் அறிவார்கள்.

அவ்விருவருள் முதலில் கடல் கடந்தவர் பண்டிதரே. 1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கிய கர்னல் ஆல்காட்டுடன் 1898-இல் அவர் இலங்கை சென்றார். உடன் சென்றவர் பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமி. கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அது குறுகிய பயணம். கொண்டுவந்தது ஒரு சமயத்தை. மைத்துனரின் பயணமோ நெடியது.

1896-இல் இதழில் வெளிவந்த ஒரு கடிதம் காரணமாகச் சீனிவாசன் மீது வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஏழாண்டுகள் இதழை நடத்தியபின், சென்னையில் மனுக் கொடுத்துப் பயனில்லை, இலண்டனுக்கே சென்று பாராளுமன்றத்தார் முன் நம் குறைகளைச் சொல்வோம் என்று துணிந்து 1900-இல் புறப்பட்டார். இலண்டன் சேரவில்லை. ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. இறுதியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார்.

நேட்டாலைப் பற்றி இளைஞர்கள் சற்று விரிவாக அறிதல் நலம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் அவ்வாறு ஏற்றுமதி செய்யப்பட்டனர். ஏற்றுமதி என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறேன். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. கப்பற் பதிவேடுகளில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து சென்ற நம் முன்னோர் அப்பதிவேடுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றனர். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே தங்கியவர்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி சுமத்தியது. அனுமதிச் சீட்டின்றித் தோட்ட எல்லையைத் தாண்டி நடந்த கூலியாள் குற்றவாளியாவான். வளைகுடா நாடுகளில் முதலாளி கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நாட்டில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? தமிழ்க் கூலி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வார். நீதிபதி ஆங்கிலத்தில் விதிப்பதைக் கூலிக்குத் தமிழில் சொல்வார். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் ஒருவன் சிறை செல்ல நேரும். ‘பறையன்’ இதழில் தம் கருத்தை எழுதிவந்தவர், இங்கே பிறர் சொல்லையே பேசினார். காந்தியடிகளுக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்பித்தவர் இவரே என்று ஒரு செய்தி வழங்குகின்றது. மேடைகளில் அதனையே பலரும் பெருமையாய்ச் சொல்கின்றனர். எனக்கு அதனினும் பெரிதாய்த் தோன்றுவது, சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் எளியவன் உடம்பின்மேல் எவ்வாறு இறங்குகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கண்ட அந்தப் பயிற்சியே.

மற்றொன்றையும் அங்கே அவர் கண்டிருப்பார். தென்னாப்பிரிக்க வெள்ளையர்க்கு இந்தியர் அனைவரும் ‘கூலி’களே. டிரான்ஸ்வாலில் இந்தியர் நடைபாதையில் நடக்க விதி இடங்கொடுக்கவில்லை. 1893-இல் பிரிட்டோரியாவில் நடைபாதையில் சென்ற பாரிஸ்டர் காந்தியைக் காவலன் ஒருவன் உதைத்துத் தெருவில் தள்ளினான். இந்தியத் தலைவர்கள் இக்கொடுமையைக் கண்டித்தது முற்றிலும் நியாயம். ஆனால், அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் அக்கிரகாரத் தெருக்களில் நம் பாட்டனார் நடக்க இயலவில்லை. அங்கே நடைபாதை மறுக்கப்பட்டவர்கள், இங்கே தெருவை மறுத்தவர்களின் உறவினராகவும் இருந்திருக்கக்கூடும். இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்து எண்ணிப்பார்க்கும் வாய்ப்பு, இரு கரையிலும் வாழ்ந்த நம்மவர்க்கே கிடைத்தது.

1921-இல் அவர் திரும்பிய சென்னை, அவர் விட்டுச்சென்ற சென்னை அன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1914-லேயே மறைந்துவிட்டார். 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பிறந்ததும் வளர்ந்ததும் இவர் அயல்நாட்டில் இருந்த காலத்தில். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி புதிய சட்டமன்றம் கூடியிருந்தது. நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்றிருந்தது. பரங்கிமலையைச் சேர்ந்த எம்.சி. ராஜா, சீனிவாசனைவிட இருபது ஆண்டுக்கு மேல் இளையவர், நம் மக்களின் பிரதிநிதியாய் அம்மன்றத்தில் அமர்ந்திருந்தார். பின்னி ஆலை வேலைநிறுத்தத்தையொட்டிப் புளியந்தோப்பில் நம்மவர் குடிசைகள் தீக்கிரையானதும் அவ்வாண்டில்தான். மறு ஆண்டு, ‘பறையர்’, ‘பஞ்சமர்’ ஆகிய பெயர்களுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்று வழங்கவேண்டும் என்ற தீர்மானத்தை ராஜா நிறைவேற்றுவித்தார். எந்தப் பெயரைத் துணிந்து இதழுக்குச் சூட்டினாரோ, அந்தப் பெயரே அரசு ஏட்டிலிருந்து நீங்கிக்கொண்டிருந்தது. வேறொருவராயின், தம் காலம் கடந்துவிட்டது என்று திண்ணையில் அமர்ந்திருப்பார்.

மேலும், தாயகம் என்பது திரும்பி வந்தவனை இனிதே வரவேற்கும் இடம் என்று நினைப்பது நம் நிலையில் பொருந்துவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியாவிலும் பின் இலண்டனிலும் பயின்று 1917-இல் பரோடா அரசின் பணிக்குத் திரும்பினார். தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மாற்றிக் கூறித் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. அயல்நாட்டில் இருந்தவரை மறந்திருந்த ஒன்றை நாடு திரும்பிய உடனே ஊர் நினைவூட்டியது என்று அவர் எழுதியிருக்கின்றார். நேட்டாலிலிருந்து திரும்பிய கூலி மக்களின் கதையும் பிறிதன்று. 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்படிக்கையின்படி ஆளுக்கு இருபது பவுன் கொடுத்து அவர்களைக் கப்பலேற்றி அனுப்பினர். சென்னையில் இறங்கியோர் பலருக்கு ஊரில் நிலமுமில்லை, சேரியின் பழைய அடக்குமுறைக்குள் மீண்டும் அடங்கவும் மனமில்லை.

பழங்கதை பேசுகிறேன் என்று இளைஞர்கள் எண்ணவேண்டா. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் பன்னீராண்டு மின்பணி செய்து மீண்டார். மயிலாப்பூர்ப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடியபோது, ஒரு வீட்டுக்காரர் முன்பணத்தைப் பற்றிப் பேசவில்லை, “சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்டாராம். “ஐயா, அங்கே என்னை மலையாளி என்று நினைத்தவன் உண்டு, பாகிஸ்தானி என்று நினைத்தவன் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் எந்தத் தெரு என்று ஒருவனும் கேட்டதில்லை” என்று அவர் என்னிடம் கூறினார். முடிவில் வேளச்சேரியில் அவருக்கு வீடு கிடைத்தது. தெருப் பெயர் கேட்பதன் பொருள் நம்மூரில் எல்லார்க்கும் தெரியும்.

சீனிவாசன் கையிலெடுத்ததும் தெருவையே. 1923-இல் அவர் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்த எவரும் நகரத்திலோ சிற்றூரிலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடந்து செல்லத் தடையில்லை என்பது அதன் முதற்பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொது அலுவல் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வாறு, எந்த அளவுக்குப் பயன்படுத்துகின்றனரோ, அவ்வாறே, அந்த அளவுக்குத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. மன்றம் அதனை ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் அஃது அரசாணையாயிற்று.

இந்தத் தீர்மானத்தின் சொற்களை நிதானமாகப் படித்துப் பார்க்கவேண்டும். இரக்கம் காட்டுக என்ற வேண்டுகோள் அதில் இல்லை; சாத்திரம் பற்றிய வாதம் இல்லை; யாருடைய மனமாற்றத்துக்காகவும் அது காத்திருக்கவில்லை. சாலை, தெரு, பாதை என்று மூன்று சொற்கள் அடுக்கப்பட்டிருப்பது, ஒரு சொல்லை மட்டும் எழுதினால் மற்ற இரண்டின் வழியாகத் தப்பிக்கொள்வார்கள் என்பதனால். ‘அவ்வாறே, அந்த அளவுக்கு’ என்பது, கிணற்றின் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு உரிமை தந்தோம் என்று சொல்லவொட்டாமல் தடுப்பதற்கு. நீதிமன்றத்தில் சொல்லுக்குச் சொல் நிறுத்து மொழிபெயர்த்தவரின் கை இதில் தெரிகிறது என்பது என் துணிபு. அனுமதிச் சீட்டில்லாமல் நடந்ததற்காகத் தமிழன் தண்டிக்கப்பட்ட நாட்டில் வாழ்ந்தவர், நடப்பதற்கு எவன் அனுமதியும் வேண்டியதில்லை என்பதைத் தாய்நாட்டில் எழுதிவைத்தார்.

அப்போது முதலமைச்சர் பனகல் அரசர். தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்த காலமும் அதுவே. மாம்பலத்துப் பெரிய ஏரி தூர்க்கப்பட்டு, புதிய தெருக்கள் அளக்கப்பட்டு, நடுவில் பனகல் அரசர் பெயரால் பூங்கா அமைந்தது. இன்று துணிக்கடைப் பைகளோடு நம் பெண்கள் கூட்டத்தை விலக்கி நடக்கும் அந்தத் தெருக்களும், தெருவில் நடக்கும் உரிமையும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. அதே 1924 மார்ச்சில் திருவாங்கூர்ச் சமஸ்தானத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக அறப்போர் தொடங்கியிருந்தது. பெரியார் அங்கே சிறைப்பட்டார் என்பதைப் பாடநூல்கள் கூறுகின்றன. ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் நடந்ததற்குப் பாடநூலில் அத்துணை இடமில்லை என்பது ஓர் ஆசிரியனாக எனக்குள்ள மனக்குறை.

ஆணை பிறந்த உடனே தெருக்கள் திறந்துவிட்டனவா என்றால், இல்லை. அவ்வாண்டு நவம்பரில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில், தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவரும் பிறரும் தாக்கப்பட்டனர். பின்னர் அமைதியைக் காப்பதாகக் கூறி, நடக்க வந்தவர்களுக்கே அதிகாரிகள் தடை விதித்தனர். தடுப்பவனுக்குத் தண்டனை இல்லாத உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்பது அதனால் வெளிப்பட்டது. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் சட்டமன்றத்தில் முயன்று, தடுப்போர்க்குத் தண்டம் விதிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1938-இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூக இழிவு நீக்கச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. 1950-இல் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 15-ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அந்த வரிசையை 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டம் பயிலும் மாணவர்கள் கட்டாயம் ஒப்பிடவேண்டும். இத்தனை சட்டங்களுக்குப் பின்னும் செருப்பணிந்து நடந்ததற்காகவும், மிதிவண்டியில் சென்றதற்காகவும் அடிபட்டவர்கள் நம் மாநிலத்துச் சிற்றூர்களில் உண்டு. அதனை மறைத்து வெள்ளிவிழா மலரில் இனிப்பாக எழுத எனக்கு விருப்பமில்லை.

1900-இல் எந்த நகரை நோக்கிப் புறப்பட்டாரோ, அந்த இலண்டனுக்கு 1930-இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பெற்றுச் சென்றார். வயது எழுபது. தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாய் அமர்ந்த இருவருள் மற்றவர் அம்பேத்கர். அவருக்கு வயது முப்பத்தொன்பது. பரோடாவில் விடுதியிலிருந்து துரத்தப்பட்டவரும், ஆப்பிரிக்காவில் இருபதாண்டு கழித்தவரும் ஒரே மேசையில் அருகருகே இருந்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்ன என்று வினவியபோது, நம்மவன் தெருவில் விழுந்து கிடந்தால் மேற்சாதியான் தூக்கிவிடமாட்டான் என்று தாம் விளக்கியதாகச் சீனிவாசன் எழுதியிருக்கின்றார். அங்கும் அவர் வாயில் வந்தது தெருதான். 1932-இல் பூனா உடன்படிக்கையில் அம்பேத்கர், ராஜா ஆகியோருடன் அவரும் ஒப்பமிட்டார். இரட்டை வாக்குரிமையை இழந்து இடங்களைக் கூட்டிப் பெற்ற அந்த உடன்பாடு ஆதாயமா, இழப்பா என்பது தனிக் கட்டுரைக்குரியது.

1936-இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். ஓட்டேரியில் அவர் நினைவிடம் இருக்கின்றது. 1939-இல் அவர் எழுதி வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிகச் சிறிய நூல். மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். நம் சங்க நூலகத்தில் ஒரு படி இருக்கிறது. அட்டை போட்டு வைத்திருக்கிறேன். கேட்டு வாங்கிப் படிப்பவர்கள் கோயம்புத்தூர்ப் பள்ளி மணியைப் பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்திலிருந்து வருக.